ஐந்து பொத்தான் பேச்சு

சலவைக்கடைக்கு மேல்மாடியில், கீழே இஸ்திரி போடும் ஆவி ஏறி வந்து ஜன்னல் கண்ணாடியை மூடும் ஓர் அறையில், மூன்றே பேர் வேலை பார்த்த கம்பெனி ஒன்று இருந்தது. கம்பெனி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். கதவில் பலகை மாட்டியிருந்தார்கள், அதில் பெயர் எழுதியிருந்தார்கள், அதனால் கம்பெனி. அக்கா, அவள் கணவர், அவள் தம்பி. வெளியாள் என்று காட்ட ஒருத்தர் கிடையாது.

“இவ விரல், மாப்ள கை, நான் வாய்,” என்று கணவர் வருகிறவர்களிடம் அறிமுகம் செய்துவைப்பார். உண்மையும் அதுதான். எந்த விரலை எதனோடு சேர்த்து அழுத்தினால் எந்த எழுத்து என்று முடிவு செய்தவள் அக்கா. அதைக் கம்பியும் ஈயமுமாகப் பற்றவைத்து, கையில் கட்டிக்கொள்ளும்படி செய்தவன் தம்பி. கணவர் அதை ஊரெல்லாம் எடுத்துப்போய்ப் பேசுவார். எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டால்கூட அதை ஆர்வம் என்றே எடுத்துக்கொள்கிற மனசு அவருக்கு. உதிரிபாகக் கடைக்காரர் ஒருநாள் அக்காவை ‘விரலக்கா’ என்று கூப்பிட்டுவைக்க, அதுவே நிலைத்துவிட்டது.

பொருள் இதுதான். உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டை. நான்கு விரல்களுக்கு அடியில் நான்கு பொத்தான், கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒன்று. ஒரு விரலையோ, இரண்டு மூன்றைச் சேர்த்தோ அழுத்தினால் ஓர் எழுத்து. முன்கையில் கட்டிய சின்னத் திரையில் அது வந்து விழும், வேண்டுமானால் கூட வேலை செய்பவரின் திரைக்கும் போகும். பார்த்து எழுத வேண்டியதில்லை. ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதலாம். கைக்கடிகாரத் திரையில் விரலால் தட்டி எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். அங்கே எழுத்து கடுகளவு இருக்கும், நம் விரல் நுனியோ கத்தரிக்காய் அளவு. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதித் திருத்தி முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்தே விடலாம்.

ஐந்து விரல்களை விதவிதமாகச் சேர்த்தால் மொத்தம் முப்பத்தொரு சேர்க்கை வரும். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. கூட்டினால் முப்பத்தொன்று. மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. இந்தக் கணக்குப் பிடிபட்ட அன்று விரலக்கா பாதி சீவிய தலையோடு மாடிப்படி ஏறி வந்து கத்திய கத்தலில், கீழே சலவைக்கடைக்காரர் யாருடைய சட்டையிலோ இஸ்திரிப்பெட்டியை வைத்தபடியே நின்றுவிட்டார். அந்தச் சட்டை அதோடு போயிற்று.

“ஆய்தத்தை யாருக்கா அடிக்கப் போறா?” என்றான் தம்பி. “அதைத் தூக்கிட்டு அந்த இடத்தை இடைவெளிக்குக் குடு.”

“அது பாட்டுக்கு ஒரு ஓரமா உட்கார்ந்திருக்கு. உன்னை என்னடா பண்ணுது? நம்ம எழுத்துல ஒண்ணைக்கூட விடமாட்டேன்.”

விடவில்லை. ஐந்து விரலையும் சேர்த்து அழுத்தினால் ஆய்தம் என்று அதற்கு ராஜமரியாதை கொடுத்தாள். கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் இடைவெளி. தப்பாக அடித்துவிட்டால், ஈ ஓட்டுவதுபோல் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்ட வேண்டும். கடைசி எழுத்து அழிந்துவிடும்.

மூன்று பேரும் ராப்பகலாக அதைப் போட்டுச் சோதித்ததில் விரல்களுக்குப் பழக்கம் ஏறிவிட்டது. கொஞ்ச நாளில் பட்டையே தேவைப்படவில்லை. மேசைமேல், முழங்கால்மேல், டம்ளரின் பக்கத்தில், எங்கே வேண்டுமானாலும் வெறும் விரலால் தட்டுவார்கள். எந்த விரல் எழும்புகிறது, எது படிகிறது என்று பார்த்தே மற்ற இருவரும் படித்துவிடுவார்கள். கட்டிட உரிமையாளர் வந்து உட்கார்ந்து கதையளக்கும்போது கணவரின் வாய் “அப்படிங்களா, அப்படிங்களா” என்று சொல்லிக்கொண்டிருக்கும், விரல் ‘இந்த மனுஷன் எப்பத்தான் எழுந்திருப்பாரு’ என்று நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் மாமியாருக்கு எதிரிலேயே விரலக்காவும் கணவரும் இப்படி அரைமணி நேரம் காரசாரமாகச் சண்டை போட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த மாமியார், “ரெண்டு பேரும் இப்படிச் சத்தமே இல்லாம குடித்தனம் பண்றதைப் பார்க்க எவ்வளவு நல்லா இருக்கு,” என்று கண்கலங்கினார்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. யாருக்கும் தெரியாத வரைதான் அது ரகசியம். ஆனால் எல்லாருக்கும் தெரிந்தால்தான் அது வியாபாரம். கெட்டிக்காரர்கள் மூன்று பேரும் இதைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை.

வியாபாரம்தான் ஆகவில்லை. போகிற இடமெல்லாம் ஐந்து நிமிடம் கையில் மாட்டிப் பார்ப்பார்கள், “நல்லாத்தான் இருக்கு, ஆனா இதையெல்லாம் யாரு உட்கார்ந்து கத்துக்கறது?” என்று கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். கடைசியில் கணவர், அவருக்கே பிடிக்காத ஒரு பேச்சை எடுத்தார். கடிகாரக் கம்பெனி ஒன்று விற்பனைக்கு ஆள் தேடுகிறதாம்.

“இந்தக் குளிர்க்கிடங்கு ஒண்ணைப் பார்த்துடுவோம்மா. அவங்களும் வேணாம்னுட்டா மூடிடலாம். என்ன சொல்றே?”

“சரிங்க,” என்றாள் விரலக்கா. வேறென்ன சொல்வது?

கம்பெனியை மூடுவது அவளுக்குப் பெரிய துக்கமில்லை. வேறு வேலை கிடைக்காத ஆளும் இல்லை அவள். ஆனால் குடும்பத்துக்கு வெளியே ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ஆளாவது தன் எழுத்தில் ஒரு வார்த்தை பேசாமல் இது முடிந்துபோகுமே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. புருஷனும் தம்பியும் கற்றுக்கொண்டது கணக்கில் சேராது. அவர்களுக்கு வேறு வழியில்லை.

அந்தக் கிடங்கு மருந்துகளை வைப்பது. உள்ளே வேலை செய்கிறவர்கள் தடித்த கையுறை போட்டிருப்பார்கள். கையுறைக்குத் தொடுதிரை மசியாது. வாயால் சொல்லி எழுதவைக்கலாம் என்றால் குளிர்காற்று விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று மாதிரிக்கு ஒரு பெட்டி நிறையப் பட்டைகளைக் கொடுத்து, விரலக்காவே ஒரு காலைநேரம் முழுக்க நின்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் நின்றபடியே தூங்கினார்கள். இரண்டு மாதமாக அங்கிருந்து பேச்சுமூச்சு இல்லை. அப்புறம் ஒருநாள் போன். “வந்து பேசுங்க.”

போனார்கள். வாசலில் காவலாளி ஒரு தட்டை நீட்டினார். “போன், வாட்ச், கையில கட்டியிருக்கறது எல்லாத்தையும் இதுல வெச்சுடுங்க.” மூவரும் பட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே நுழைந்தார்கள். தம்பி தன் தொடையில் தட்டினான். ‘விரலைக் கழட்டி வெக்கச் சொல்லலையே, அதுவரைக்கும் சந்தோசம்.’ விரலக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

கூட்ட அறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அப்பால் குளிரறை. உயரமான அடுக்குகள், சக்கரம் வைத்த ஏணிகள், பஞ்சடைத்த கோட்டு போட்ட ஆண்களும் பெண்களும். அவர்கள் மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வந்தது. நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் மேலாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒட்ட வெட்டிய முடி, மூக்கு நுனியில் கண்ணாடி, முகத்தில் ஒரு துளி சிரிப்பு கிடையாது. வணக்கத்துக்குத் தலையை மட்டும் அசைத்தார். மாதிரிப் பெட்டியை மேசையின் நடுவில் தள்ளிவைத்தார்.

விரலக்கா எட்டிப் பார்த்தாள். பட்டைகள் எல்லாம் பளபளவென்று, அன்று கொடுத்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக இருந்தன. வியர்வைக் கறையோ ஒரு கீறலோ இல்லை.

கணவர் பேச ஆரம்பித்தார். தம்பியின் விரல்கள் மேசைமேல் ஓடின. ‘புதுக்கருக்கு அழியல. ஒருத்தர்கூட கையில போடலக்கா.’

‘பேசாம இரு,’ என்று தட்டினாள்.

‘நான் எங்க பேசினேன்? மாமாதான் பேசறாரு.’

கணவர் வாயால் பேட்டரியின் ஆயுளைப் பற்றி விளக்கிக்கொண்டே விரலால் சேர்ந்துகொண்டார். ‘அந்தம்மா முகத்தைப் பாருங்க. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமோ?’

‘குளிர்ல வெச்சு வெச்சு இறுகிப்போயிருக்கும்,’ என்றான் தம்பி. ‘அட, இறுகறதுன்னதும் ஞாபகம் வருது. கட்டைவிரல் பொத்தான் குளிர்ல மக்கர் பண்ணும். அதை மட்டும் கேட்டுடக் கூடாது சாமி.’

மேலாளர் அம்மா கண்ணாடியை நிமிர்த்தினார். “குளிர்ல கட்டைவிரல் பொத்தான் இறுகுமா?”

கணவர் ஒரு கணம் தடுமாறினார். “அது வந்து மேடம்... ரொம்ப லேசாத்தான் இறுகும்.”

‘நம்ம நேரம்,’ என்று தட்டினான் தம்பி. ‘சொல்லி வெச்ச மாதிரி கேக்கறாங்க.’

கணவர் மேலே பேசினார். தொண்டை வறண்டது. ‘இவ்வளவு நேரம் கத்தறேன், ஒரு டீ வருதா பாரு,’ என்றது விரல்.

“டீ சாப்பிடறீங்களா?” என்றார் மேலாளர் அம்மா.

விரலக்காவுக்கு லேசாக ஏதோ உறுத்தியது. ஆனால் மனசு அதன் பின்னால் போகும் நிலையில் இல்லை. பளபளக்கிற பட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலை முழுக்கத் தொண்டை கட்டிப்போகும்வரை சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. இந்த அம்மாவும் அன்றைக்கு ஓரமாக நின்று கேட்டார், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. டீ வந்தது. கணவர் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினார். அவர் பேசப் பேச அவளுக்கு அவமானமாக இருந்தது. பாவம், காற்றோடு பேசுகிறார். கோபமும் அழுகையுமாகச் சேர்ந்து விரல் வழியாக இறங்கியது. மறைக்கக்கூட இல்லை, மேசையின் நட்டநடுவில் பட்பட்டென்று தட்டினாள்.

‘போதுங்க. வாங்கப் போறதில்லை. இவங்க மண்டையில எல்லாம் இது ஏறாது. எழுந்து போயிடலாம்.’

தட்டி முடித்ததும் அவளுக்கே திக்கென்றது. ‘யாரு கத்துக்கறது’ என்று ஊரெல்லாம் தங்களிடம் சொன்ன அதே பேச்சைத்தான் இப்போது தானும் ஒருத்தரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

அப்போதுதான் மேலாளர் அம்மா மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி ஈ ஓட்டினார்.

விரலக்கா மேசையைப் பார்த்தாள், டீ டம்ளர்களைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். அந்த அறையில் ஈ இல்லை. மருந்துக் கிடங்கில் ஈ எப்படி வரும்?

மேலாளர் அம்மாவின் வலது கை மேசையில் கவிழ்ந்து கிடந்தது. முகம் கணவரின் பேச்சைக் கேட்கிற மாதிரியே அவர் பக்கம் இருந்தது. விரல்கள் மட்டும் எழும்பின. மெதுவாக, ஒவ்வொன்றாக, புதிதாக நடக்கிற குழந்தை அடியெடுத்து வைப்பதுபோல. ஏ. அப்புறம் ற். அப்புறம் இ. நடுவில் ஒன்று தப்பிப்போயிற்று, மறுபடி ஈ ஓட்டினார். ட். உ. ச். ச். உ.

‘ஏறிடுச்சு.’

விரலக்கா நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தம்பியும் படித்துவிட்டான். காதுமடல் வரை சிவந்துபோய், மேசைக்கு அடியில் ஏதோ விழுந்துவிட்டதுபோல் குனிந்தான், நிமிரவே இல்லை. ஒன்றும் அறியாத கணவர் மட்டும், “சின்னக் குழந்தைகூட ஒரே வாரத்துல கத்துக்கலாம் மேடம்,” என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

“வாரம் எல்லாம் பத்தாது,” என்றார் மேலாளர் அம்மா வாயைத் திறந்து. “எனக்கு முழுசா ஒரு மாசம் ஆச்சு. அப்புறம், வாயைத் திறந்தா முத்து எல்லாம் உதிராதுங்க. கடைவாய்ப்பல்லு ஒண்ணு ஆடுது, அதான் அதிகம் சிரிக்கறதில்லை.”

கணவரின் வாய் அப்படியே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அது பாதி வாக்கியத்தில் நின்று விரலக்கா பார்த்ததில்லை. மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். அவரது விரல்கூட எழும்பவில்லை.

“மேடம், மன்னிச்சுடுங்க,” என்றாள் விரலக்கா. “நான் சொன்னது ரொம்பத் தப்பு. ஆனா... இந்தப் பட்டை எல்லாம் புதுசா, போடாத மாதிரி...”

“குளிரறையை விட்டு எது வெளியே வந்தாலும் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுத்தான் வரணும். இங்க அது சட்டம். நீங்க இந்தப் பக்கமிருந்து எதையாவது எடுத்துட்டு உள்ளே போனாலும் துடைப்போம், விட்டா உங்களையும் சேர்த்துத் துடைப்போம்.” மேலாளர் அம்மா கொஞ்சம் முன்னால் நகர்ந்து குரலைத் தாழ்த்தினார். “இதைக் கேளுங்க. ரெண்டாவது வாரமே உள்ள இருக்கறவங்க நல்லா எழுத ஆரம்பிச்சுட்டாங்க. மூணாவது வாரம் பார்த்தா, வேலை இல்லாத நேரத்துல பட்டையே இல்லாம சும்மா கையால தட்டிக்கறாங்க. அடுக்குக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர். தட்டறாங்க, என் ரூமைப் பார்க்கறாங்க, சிரிக்கறாங்க. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க?”

“எப்படி இருக்கும்!” என்றான் தம்பி, மேசைக்கு அடியிலிருந்து.

“என்னைப் பத்தித்தான் பேசறாங்கன்னு தெரியுது, என்னன்னு தெரியலை. ராத்திரி தூக்கம் வரலை. பெட்டியிலிருந்து ஒரு பட்டையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் போட்டுக்கிட்டேன். சமைக்கும்போது, பஸ்ஸுல, பல் டாக்டர்கிட்ட காத்திருக்கும்போது, எந்நேரமும் அதுதான். என் பொண்ணு எனக்குக் கைநடுக்கம் வந்துடுச்சுன்னு பயந்துட்டா.” அந்தப் பல் ஆடினால் ஆடட்டும் என்று மேலாளர் அம்மா முழுசாகச் சிரித்தார். “இப்ப எல்லாம் படிப்பேன். எனக்கு என்ன பட்டப்பேர் வெச்சிருக்காங்கன்னு தெரியும். அது பரவாயில்லை, ஓரளவு பொருத்தமாத்தான் இருக்கு. யார் சீக்கிரம் போகணும்னு தவிக்கறாங்க, யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் தெரியும். நேரா வந்து கேக்கத் தயங்கறவங்களுக்கு நானே கூப்பிட்டு லீவு குடுக்கறேன். நான் மனசைப் படிக்கறேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. எனக்குத் தெரியும்கறது அவங்களுக்குத் தெரியாது. நீங்களும் மூச்சு விடக்கூடாது.”

“விடமாட்டோம் மேடம்,” என்றார் கணவர். அவ்வளவு சின்னப் பதிலை அவர் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

“கட்டைவிரல் பொத்தானைச் சரிபண்ணிக் குடுங்க. இங்க எல்லாருக்கும் வேணும், எங்களோட மத்த கிடங்குகளுக்கும் வேணும். ஆனா ஒண்ணு. புதுசு பண்றேன்னு சொல்லி எந்த எழுத்தையும் இடம் மாத்திடாதீங்க. இன்னொரு தடவை கத்துக்க என்னால ஆகாது.”

கணவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. பொத்தானுக்கு அடியில் வேறு ரப்பர் வைப்பது பற்றி ஆரம்பித்தார். தம்பியும் நிமிர்ந்து உட்கார்ந்து, மேலாளர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ரப்பருக்குப் பதில் சொன்னான். விரலக்காவின் காதில் எதுவும் விழவில்லை. எழுந்து கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

குளிரறையில் ஏணியின் உச்சியில் ஓர் இளம்பெண் ஒரு பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள். தலையில் குல்லாய், மூக்கு நுனி சிவந்திருந்தது. கீழே நின்ற மீசைக்காரரைப் பார்த்தபடி, கையுறை போட்ட மறு கையால் பெட்டியின்மேல் தட்டினாள். விரலக்காவின் எழுத்துகள். இவள் உட்கார்ந்து யோசித்து, மாற்றி, மறுபடி மாற்றி வைத்த எழுத்துகள். முன்பின் தெரியாத ஒருத்தியின் விரலில், பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷைபோல் சரளமாக ஓடின.

‘அண்ணே, அந்தக் கண்ணாடிகிட்ட நிக்கறவங்க ஏன் அழறாங்க?’

விரலக்கா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம், அழுதுகொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டாள். அப்புறம் கையைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்து, அந்தப் பெண் பார்க்கும்படி தட்டினாள்.

‘சும்மா.’

அந்தப் பெண்ணின் கையிலிருந்து பெட்டி நழுவப் பார்த்தது, முழங்காலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். மீசைக்காரர் அவசரமாக ஓர் அடுக்குக்குப் பின்னால் மறைந்தார். இங்கே மேலாளர் அம்மா ரொம்ப அக்கறையாகக் கூரை விளக்கைப் பார்த்தார். ஏணியின் மேலிருந்தவள் கண்ணை உருட்டிக்கொண்டு விரலக்காவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்றைக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள் இவள்தான் என்று பிடிபட்டிருக்க வேண்டும். முகம் மலர்ந்தது.

‘நீங்களா அக்கா? சாப்டீங்களா?’

‘இன்னும் இல்லைம்மா. நீ?’

‘வேலை முடிஞ்சுதான். உள்ள ரொம்பக் குளிருது அக்கா. அங்க டீ குடுத்தாங்களா?’

முதுகுப்பக்கம் நாற்காலிகள் நகர்ந்தன. கணவர் பெட்டியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். “கிளம்பலாமாம்மா?”

விரலக்கா திரும்பவில்லை. இடது கையை மட்டும் பின்னால் காட்டி அவரை நிறுத்தினாள்.

“இருங்க, பேசிக்கிட்டிருக்கேன்.”